சர்வ சமரச வாசகசாலையின் அங்குலக் கணக்கு

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை விட்டு சாந்தோம் பக்கம் திரும்புகிற சந்தில், மரியதாஸ் வாத்தியார் வீட்டு முன்னறைக்குத்தான் சர்வ சமரச வாசகசாலை என்று பெயர். பெயர்ப்பலகை பெரியது, அறை சின்னது. உள்ளே ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு, ஒரு கால் ஒடிந்து செங்கல்லின் தயவில் நிற்கிற நாற்காலி, ஒரே ஒரு பேப்பர். யுத்தம் முடிந்துவிட்டது என்று அந்தப் பேப்பரே சொல்லி மாதக்கணக்காகியும் காகிதக் கட்டுப்பாடு மட்டும் முடியவில்லை. 'தினசமாசாரி' நாலே பக்கம் வந்துகொண்டிருந்தது. பழைய சந்தாதாரர்களுக்கு மட்டும்தான் பேப்பர். புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை.

மரியதாஸ் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். முடிந்துபோன சண்டைகளைப் பகலில் பையன்களுக்கு விளக்குவதும், முடியாத சண்டைகளுக்கு நடுவே காலையில் தன் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதும் அவருக்கு விதித்திருந்தது. வாசகசாலைக்கு அவர்தான் காரியதரிசி.

சண்டைக்கு வருகிறவர்கள் மூன்று பேர். முதலில் வருவது வக்கீல் குமாஸ்தா சுப்பராமன். காங்கிரஸ்காரர். கதர் வேட்டி, கதர்ச் சட்டை, கதர்த் துண்டு. காப்பி மட்டும் அவருடைய வீட்டுக் கூஜாவில் வரும். கிறிஸ்தவர் வீட்டில் செய்தியைப் படித்தால் ஆசாரம் கெடாது, காப்பியைக் குடித்தால் கெடும் என்பது அவர் கட்சி. அடுத்தவர் மந்தைவெளியில் விறகுத்தொட்டி வைத்திருக்கும் நல்லசிவம். கழகத்தில் சேர்ந்த நாள் முதல் கறுப்புச் சட்டைதான். பெண்டாட்டி காமாக்ஷிக்குக் கயற்கண்ணி என்று பெயர் மாற்றிவைத்தவர். அவர் கயற்கண்ணி என்று கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. சோறு வேண்டுமென்றால் காமாக்ஷி என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். மூன்றாமவர் ஹபீபுர் ரஹ்மான். லீக் கட்சி. லஸ் முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மற்ற இருவரும் மாட்டியிருக்கும் கண்ணாடி அவர் கடையில் வாங்கியது. அதனால் யாருடைய கட்சிச் செய்தி யார் கண்ணுக்குத் தட்டுப்படாவிட்டாலும் பழியில் ஒரு பங்கு அவர் தலையில் விழும்.

மரியதாஸின் மனைவி அல்போன்சாவுக்கு இந்தக் கட்சி எதிலும் அக்கறை கிடையாது. எட்டாவதோடு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். நின்றது படிப்பு மட்டும்தான், படிக்கிற ஆசை நிற்கவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு வாசிக்கக் கிடைத்தது புருஷனுடைய சரித்திரப் புஸ்தகங்களும் ஜெபப் புஸ்தகமும்தான். இரண்டிலும் அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். தெரியாத ஒன்று, 'தினசமாசாரி'யின் மூன்றாம் பக்கத்து அடியில், செவ்வாயும் வெள்ளியும் வரும் 'விமலாங்கி' என்கிற தொடர்கதை.

ஆண்கள் படித்து, அடித்து, கசக்கிவிட்டுப் போன பேப்பரை அல்போன்சா நீவி மடித்து வைப்பாள். மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் கிணற்றடியில் வாதாமர நிழலுக்கு மூன்று பெண்கள் வந்து சேருவார்கள். சுப்பராமன் ஆத்து ஜானு மாமி, நல்லசிவத்தின் மனைவி காமாக்ஷி, ரஹ்மான் பாயின் மனைவி ஜைத்தூன். ஜைத்தூன் பின்பக்கத்துச் சந்து வழியாக வந்து, கதவைத் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் முக்காட்டைத் தளர்த்துவாள். அல்போன்சா படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். முன்னறையில் முட்டிக்கொள்கிற மூன்று கட்சியும் கொல்லையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஒரே கதைக்குக் கண்ணீர் விடும்.

விமலாங்கியின் கதை அப்போது மோசமான கட்டத்தில் இருந்தது. மாமியார் அவளை அரிசி மூட்டை அடுக்குகிற உக்கிராண அறையில் வைத்துப் பூட்டிவிட்டாள். புருஷன் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து, சென்னைத் துறைமுகத்தில் ஏணியில் இறங்கத் தொடங்கி மூன்று வாரமாகிறது. இன்னும் தரையில் கால் படவில்லை.

இந்த நிலையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மரியதாஸ் பூசைக்குப் போய்விட்டு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சுப்பராமன் பேப்பரை மேஜைமேல் போட்டார்.

"கேட்டேளா வாத்தியார். திலகர் கட்டத்துல நேத்து சாயங்காலம் எள்ளு போட்டா எள்ளு விழாது. கூட்டத்துல என் செருப்பு போனது போனதுதான். இந்தப் பிரகஸ்பதி என்ன போட்டிருக்கான் தெரியுமோ? 'கணிசமான ஜனங்கள் கூடியிருந்தனர்.' கணிசமாம். செருப்புக்கு யார் பதில் சொல்றது?"

"உங்களுக்காவது கணிசம்," என்றார் நல்லசிவம். வாசகசாலைக்குள் அவர் மேடைத் தமிழில்தான் பேசுவார். "மந்தைவெளிக் கூட்டத்தில் யான் ஒரு மணி நேரம் உரையாற்றினேன். அஃது இங்கே ஒரு விரற்கடை அளவில் வந்துள்ளது. அதுவும் கூந்தல் தைல விளம்பரத்தின் அடியில்."

"தைலத்துக்கு அடியிலன்னா பொம்பளைங்களாவது பாப்பாங்க," என்றார் ரஹ்மான் பாய். "எங்க மாநாட்டைக் குதிரைப் பந்தயத்துக்கு அடியில போட்டிருக்கான். எந்தக் குதிரை ஜெயிச்சதுன்னு பாத்ததும் பேப்பரை மடிச்சுருவான். எங்க தீர்மானத்தை எந்தக் குதிரை படிக்கும்?"

"லீக்குக்கு இது போறாதாக்கும்?"

"காங்கிரஸுக்கு மொத்தப் பேப்பரும் போறலியே, நான் கேக்கறது தப்பா?"

"ஆரியமும் லீக்கும் அடித்துக்கொள்ளட்டும். ஆனால் பத்திரிகை சாய்வது எங்களுக்கு எதிராகத்தான் என்பதை மறவாதீர்."

மரியதாஸ் வழக்கம்போல, எல்லாப் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். அதை அந்த அறையில் யாரும் முழுதாகக் கேட்டதே இல்லை. ரஹ்மான் பாய்தான் கையைத் தூக்கினார். கண்ணுக்கே நம்பர் போட்டுப் பழகினவர் அவர்.

"வாய்ப்பேச்சு வேணாம். ஒரு வாரத்துப் பேப்பரை எடுத்து அளந்துருவோம். எந்தக் கட்சிக்கு எத்தனை அங்குலம்னு தெரிஞ்சுபோவும்."

அளக்க யோக்கியன் வேண்டுமே. தெருமுனைத் தையல்காரர் கரீமுல்லாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கழுத்தில் டேப்பும் காதில் பென்சிலுமாக வந்த கரீமுல்லா விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"நீர் ரஹ்மான் சாயபுவுக்கு வேண்டியவர் அல்லவா?" என்றார் நல்லசிவம்.

"எனக்கு இன்னா சார் கட்சி? கதர்ல தெச்சாலும் கறுப்புல தெச்சாலும் காஜா ஒண்ணுதான்."

பழைய பேப்பர்கள் மூலையில் அடுக்கியிருந்தன. விமலாங்கி அவற்றில்தான் இருந்தாள். அடுக்களை வாசலில் நின்ற அல்போன்சா ஒரு எட்டு முன்னால் வந்தாள். புருஷனைப் பார்த்து, "கத்தரி வேணாம்னு சொல்லுங்க. அளந்தா போதும்," என்றாள்.

கரீமுல்லா பேப்பரைத் தரையில் விரித்து முழங்காலிட்டார். "லூஸா எடுக்கட்டா, டைட்டா எடுக்கட்டா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் மத்திமமாக எடுத்தார்.

முதல் பக்கத்திலேயே தகராறு. 'கழகத்தாரின் போக்குக்குக் கண்டனம்' என்று நீளமாக ஒரு செய்தி.

"இது கழகக் கணக்கு," என்றார் சுப்பராமன். "உம்ம பேர்தானே தலைப்புல இருக்கு."

"திட்டு வாங்கியது நாங்கள். திட்டியது நீங்கள். திட்டியவர் கணக்கில்தான் எழுத வேண்டும்."

"வாங்கினவாளுக்குத்தானே சொந்தம்? அடி வாங்கினா வீக்கம் யாருக்கு?"

அதைத் தாண்டினால் காங்கிரஸும் லீக்கும் பேச்சுவார்த்தை நடத்திய செய்தி. இதை யார் கணக்கில் வைப்பது என்று தெரியாமல் கரீமுல்லா பேப்பரை நடுவே மடித்து ஆளுக்குப் பாதி என்றார். மடிப்பில் லீக் தலைவர் பேசியதெல்லாம் காங்கிரஸ் பக்கம் போய்விட்டது. பிறகு ஒரு தலைவர் ரயிலை விட்டு இறங்குகிற படம்.

"படத்துல முக்காவாசி ரயிலு," என்றார் ரஹ்மான் பாய். "ரயிலுக்கு எந்தக் கட்சி?"

"ரயில் வெள்ளைக்காரனோடதுன்னா," என்றார் சுப்பராமன். "அதைத் தள்ளிடலாம்."

தலைவரை மட்டும் அளந்தபோது, கரீமுல்லா பழக்கதோஷத்தில் மார்பையும் தோளையும் தனித்தனியாக எடுத்துவிட்டார்.

சிலேட்டில் கூட்டிக்கொண்டிருந்த மரியதாஸ் ஒரு கட்டத்தில் கையை நிறுத்தினார். "கரீமுல்லா, இதென்னப்பா? கூட்டினா பேப்பரை விடச் செய்தி பெரிசா வருது. நாலு பக்கம் ஆறு பக்கமாயிடுச்சே."

"வரும் சார். ஒவ்வொரு துண்டுக்கும் தையலுக்கு அரை அங்குலம் வுட்டுக்கீறேன்."

"செய்திக்கு எதுக்குப்பா தையல்?"

"வுடாம எடுத்தா நாளிக்கி யாருக்கும் பத்தாது சார். அப்பால கரீமுல்லா துணிய அமுக்கிட்டான்னு நீங்கதான் சொல்வீங்க."

சிலேட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க யாருக்கும் முழங்காலில் தெம்பு இல்லை. உள்ள கணக்கை வைத்தே முடிவைப் படித்தார் மரியதாஸ். கழகத்தின் செய்திகள் துண்டு துண்டாக வந்திருந்ததால், துண்டுக்கு அரை அங்குலம் சேர்ந்து, கழகம்தான் முதல் இடத்தில் நின்றது.

"பார்த்தேளா," என்றார் சுப்பராமன். "குட்டு வெளிப்பட்டுடுத்து. பேப்பர்காரன் உள்ளுக்குள்ள கறுப்புச் சட்டை."

ஜெயித்த நல்லசிவத்துக்கு முகம் தொங்கிப்போயிற்று. மேடைத் தமிழும் போய்விட்டது. "யோவ், எனக்கு வந்தது பூரா தையலுய்யா. துணி எங்கே?"

"எந்தக் கணக்குல பாத்தாலும் நாங்கதான் கடைசி," என்றார் ரஹ்மான் பாய். "இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

ஆக, பேப்பர் தமக்கு எதிராகச் சாய்கிறது என்று மூன்று பேருக்கும் அங்குல சுத்தமாக நிரூபணமாகிவிட்டது. அதை நிறுத்திவிடுவது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அந்த அறையில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். ஒடிந்த நாற்காலிக் காலைச் சரிசெய்யலாமா என்ற தீர்மானமே போன வருஷம் தோற்றுப்போயிருந்தது. மரியதாஸ் சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியாமல் கோட்டைக் கழற்றினார்.

அன்று மத்தியானம் அல்போன்சா புருஷனிடம் கேட்டுப் பார்த்தாள். "வேற பேப்பர் வாங்குவீங்களா?"

"எங்கே வாங்கறது? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பேப்பரைச் சொல்றாங்க. கட்டுப்பாடு வேற. கொஞ்ச நாள் பேப்பரே இல்லாமத்தான் இருந்து பாப்போமே, அல்போன்சா. காதுக்கு ஓய்வு."

அவர் காதுக்கு ஓய்வு கிடைத்தால் விமலாங்கி உக்கிராணத்திலேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

மறுநாள் காலை பேப்பர் போடுகிற பவுல்சாமி சைக்கிளை நிறுத்தினார். மூவரும் வாசலுக்கே வந்து விஷயத்தைச் சொன்னார்கள். பவுல்சாமி வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

"நிறுத்தணும்னா நிறுத்திக்க சார். ஆனா ஒண்ணு, அப்பால வோணும்னா கெடைக்காது. அடையார்ல ஒரு பங்களாக்காரரு எந்தச் சந்தா காலியாவும்னு டெய்லி கேட்டுக்கினு கீறாரு. நேத்து ஒரு கெழவருக்கு மார்வலின்னதும் அவரு வூட்டு வாசல்ல வந்து நின்னுக்கினாருன்னா பாரேன். உன்து இன்னிக்கே பூடும்."

"போகட்டும்," என்றார் சுப்பராமன்.

"ஒழியட்டும்," என்றார் நல்லசிவம்.

அல்போன்சா காப்பித் தட்டோடு வந்தாள். நல்லசிவம், சுப்பராமன் பார்க்கும்படியாக, ஒன்றுக்கு இரண்டு தம்ளர் எடுத்துக்கொள்வார். அன்றும் எடுத்துக்கொண்டார். வேற்று ஆண்களிடம் நேராகப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தபடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ஏங்க, சும்மா நிறுத்திட்டா எதுக்கு நிறுத்தினோம்னே அந்தப் பேப்பர்காரனுக்குத் தெரியாதே. அடையாருக்கு அனுப்பிட்டு நிம்மதியா தூங்குவான். நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டு ஒரு கடிதாசு போட்டாத்தானே அவனுக்கு உறைக்கும்?"

நிம்மதியா தூங்குவான் என்ற வார்த்தை மூவரையும் தைத்தது. ஒருவன் அநியாயமும் செய்துவிட்டு நிம்மதியாகவும் தூங்குவதா?

"வாத்தியாரம்மா சொல்றது வாஸ்தவம்," என்றார் ரஹ்மான் பாய். "கேட்டுட்டுத்தான் நிறுத்தணும்."

பவுல்சாமி சைக்கிளைத் தள்ளினார். "சரி, கேட்டுக்கினே இரு. பங்களாக்காரரு கிட்ட இன்னும் யாரும் சாவலன்னு சொல்லிடறேன்."

கடிதம் எழுத ஒரு காலைப் பொழுது முழுதும் ஆயிற்று. சகல கட்சிகளுக்கும் போதிய இடமளிக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அதற்கு முன்னால் மூவரும் சொன்ன அடைமொழிகளைப் பாதியாகக் குறைப்பதற்குள் மரியதாஸுக்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதில் முட்டிக்கொண்டு, கடைசியில் காகிதத்தின் மூன்று ஓரங்களில் மூவரும் போட்டார்கள். நாலாவது ஓரம் காரியதரிசிக்கு.

செவ்வாய்க்கிழமை விமலாங்கியின் புருஷன் ஒரு காலைத் தரையில் வைத்தான். கிணற்றடியில் பெரிய நிம்மதி. தன்னுடைய சாமர்த்தியம்தான் அந்தக் காலைத் தரையில் வைக்கச் செய்தது என்று அல்போன்சாவுக்குத் தோன்றியது. அந்தப் பெருமையில் அன்று ரசத்துக்கு இரண்டு தரம் உப்பைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை முன்னறையில் பெரிய ஆரவாரம். சுப்பராமன் எழுந்து நின்று, சபையில் பிரேரணை படிக்கிற குரலில் படித்தார்:

"'மயிலாப்பூர் வாசகர்கள் சிலர் எழுதியுள்ள கடிதம் கிடைத்தது. எமக்கு எக்கட்சியிடத்தும் விருப்பு வெறுப்பு இல்லை. கிடைக்கும் சொற்பக் காகிதத்தில் சகல கட்சியாருக்கும் போதிய இடமளிக்கும் பொருட்டு, இன்று முதல் "விமலாங்கி" தொடர்கதை நிறுத்தப்படுகிறது.'"

அடுக்களையில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அல்போன்சா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

முன்னறையில் மூன்று பேரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். விமலாங்கி இருந்த இடத்தில் மூன்று கட்சிச் செய்தியும் பக்கத்துப் பக்கத்தில் சமமாக உட்கார்ந்திருந்தன. கொஞ்ச நேரம் கழித்து நல்லசிவம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எங்களை ஏன் நடுவில் போட்டிருக்கிறான்? நடுவில் போட்டால் மடிப்பு விழுமே," என்றார். "ஓரத்துல போட்டா விரல் பட்டு மை அழிஞ்சுரும், அதைக் கேக்க மாட்டீங்களா?" என்றார் ரஹ்மான் பாய். பேப்பர் தப்பித்தது. சண்டையும் தப்பித்தது.

அல்போன்சா அடுப்பைத் துடைத்தாள். யார் வாயைத் திறந்து கடிதாசு போடச் சொன்னது? அவள்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் பேப்பராவது நின்றிருக்கும், பழி மூன்று ஆண்கள் தலையோடு போயிருக்கும். இப்போது பேப்பர் வருகிறது, கதை இல்லை. வாரத்தில் இரண்டு மத்தியானம் அவள் எட்டாவதோடு நின்ற பெண் என்பதை மறந்திருந்தாள். மூன்று பேர் அவள் குரலுக்காகக் கையில் கீரையோடு காத்திருந்தார்கள். இனிமேல் கீரையை அவரவர் வீட்டிலேயே ஆய்ந்துகொள்வார்கள்.

மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். கதை நின்ற விஷயம் இவர்களுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. காமாக்ஷி வாழைப்பூவோடு உட்கார்ந்தாள். "அந்தாளு இன்னொரு காலையும் வெச்சானா இல்லியா? படிங்க வாத்தியாரம்மா."

சொல்லிவிடத்தான் அல்போன்சா பேப்பரை விரித்தாள். மூன்று முகமும் அவளையே பார்த்தன. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"'விமலாங்கியின் கணவன் மறு காலையும் தரையில் வைத்தான்,'" என்று படித்தாள்.

"அப்பாடா," என்றாள் ஜைத்தூன்.

அடுத்த வரி என்ன? கண்ணுக்கு முன்னால் இருந்தது கழகத்தின் மந்தைவெளித் தீர்மானம். வேறு வழி தெரியாமல் அதிலேயே கையை வைத்தாள். "'உக்கிராணத்தில் விமலாங்கி கதவைத் தட்டினாள். மாமியே, என் பிறப்புரிமையைப் பறிக்கும் இந்த ஆதிக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன் என்றாள்.'"

"இன்னிக்கு நல்லா பேசறா," என்றாள் காமாக்ஷி. "எங்க வூட்டுக்காரர் மாதிரியே கீது."

மாமியார் என்ன சொல்வாள்? அல்போன்சாவின் கண் பக்கத்துப் பத்திக்குத் தாவியது. "'சட்டசபை கூடும் வரையில் பொறுமை காக்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று மாமியார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.'" மூன்றாவது பத்தியில் லீக்கின் மாநாட்டு விருந்து இருந்தது. அதை அவள் ரங்கூனிலிருந்து வந்தவனின் வயிற்றுப் பசிக்கு வைத்துக்கொண்டாள். பத்து வரிக்கு மேல் பேப்பர் தேவைப்படவில்லை. கண் மட்டும் அதில் இருந்தது. மாமியார் மகனை ஏமாற்றக் கள்ளச்சாவி செய்தாள், விமலாங்கி அரிசி மூட்டை மேல் ஏறி ஜன்னலைப் பிடித்தாள், அங்கே 'தொடரும்' போட்டாள். காமாக்ஷி வாழைப்பூவில் கள்ளன் நரம்பை எடுக்க மறந்திருந்தாள்.

நோன்பு நாட்களான தபசு காலத்தில், இல்லாததை இருப்பதாகப் படித்தது பொய்யா, பொய்யென்றால் எந்தச் சாதிப் பொய் என்று அல்போன்சாவுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதைச் சொன்னால், மாமியார் சாவியை என்ன செய்தாள் என்று சாமியாரும் கேட்டுவிடுவாரோ என்று பயந்து, கோபப்பட்ட பாவத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

சனி சாயங்காலம் ஜானு மாமி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். கறிவேப்பிலை அவள் ஆத்துக் கொல்லையிலேயே மரமாக நிற்கிறது.

"அடியே அல்போன்சா, நேத்திக்குப் படிச்சியே, நான் உன் பக்கத்துலதானே உக்காந்துண்டிருந்தேன். நேக்கு எழுத்துக் கூட்டத் தெரியும்."

அல்போன்சா கொல்லைக் கதவைச் சாத்தினாள். "மாமி..."

"நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை. நன்னாத்தான் இருந்தது. ஆனா அந்த மாமியாரை ஏண்டி இப்படிப் போட்டு வாட்டறே? கள்ளச்சாவி பண்றாளாம். நம்மாத்துக்கும் மாட்டுப்பொண்ணு வந்திருக்கா. நானா உக்கிராணத்துல வெச்சுப் பூட்டினேன்? காலம்பற எழுந்து காப்பி போடறது நான். அந்த மாதிரி மாமியாரும் லோகத்துல இருக்கான்னு ரெண்டு வரி படிக்கப்படாதா?"

கறிவேப்பிலையை வாங்காமலே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாமியாருக்கு மனம் இளகியது. விடியற்காலையில் எழுந்து காப்பி போட்டு ஜன்னல் வழியே நீட்டினாள். ஜானு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காமாக்ஷியின் முகம் போன போக்கு நன்றாக இல்லை. கதை முடிந்து மற்றவர்கள் எழுந்த பிறகும் அவள் கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாத்தியாரம்மா, கதைய நிறுத்திட்டாங்கன்னு எங்க வூட்டுக்காரரு அன்னிக்கே சொல்லிட்டாரு. கழகத்துக்கு எடம் வாங்கிட்டாராம், ஒரே பெருமை. நீங்களா சொல்றீங்கன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அது கெடக்கட்டும். நீங்க எதுக்கு மாமியாருக்கு வால் பிடிக்கிறீங்க? காப்பி குடுத்தா பூட்டுனது இல்லைன்னு ஆயிடுமா? எம்மாமியார் எனக்கு இன்னா குடுத்துச்சுன்னு கேளுங்க."

கேட்டாள். காமாக்ஷி சொல்லி முடிக்க விளக்கு வைக்கிற நேரமாயிற்று.

மறுநாள் பின்பக்கத்துக் கதவைத் தட்டினாள் ஜைத்தூன். கையில் மூடி போட்ட பாத்திரத்தில் ரவா புட்டிங். அவளும், தனக்கு மட்டும்தான் தெரியும் என்றே ஆரம்பித்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் மாமியார் மருமகள்னு உங்களைப் புடிச்சு இழுக்கறாங்க. பாவம், அந்த மனுசன் கப்பலை விட்டு இறங்கி எத்தனை நாளாச்சு, ஒரு வாய் சோறு போட்டீங்களா? விருந்துன்னு சொன்னீங்க, இலை போட்டுட்டு நிறுத்திட்டீங்க. எங்கண்ணன் யுத்தத்துல பர்மாலேந்து நடந்தே வந்தாரு அல்போன்சாம்மா. வந்த அன்னிக்கு வீட்டுல எல்லாரும் அழுதுட்டே இருந்தாங்க. அவரு எங்கிட்ட மெதுவா வந்து, சோறு இருக்கான்னு கேட்டாரு. அந்தாளைப் பத்தி யாரு பேசறது?"

அல்போன்சா புட்டிங்கை வாங்கி வைத்துக்கொண்டாள். வாங்கினது சரியா என்று பிறகு யோசித்தாள். விமலாங்கி பக்கம் பேசினால் ஜானு மாமிக்கு ஆகாது. மாமியார் பக்கம் பேசினால் காமாக்ஷிக்கு ஆகாது. புருஷனுக்கு விருந்து வைத்தால், பெண்டாட்டி பூட்டின அறைக்குள் கிடக்கும்போது இவனுக்கு என்ன சாப்பாடு என்று அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கேட்பார்கள். 'தினசமாசாரி' ஆசிரியர் என்று ஒருவர் எங்கோ மவுண்ட் ரோடு பக்கம் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் ராத்திரியில் நிஜமாகவே தூங்குகிறாரா என்று முதல் தடவையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது.

வியாழன் இரவுச் சாப்பாட்டின்போது மரியதாஸிடம் கேட்டாள். "சரித்திரத்துல எல்லாருக்கும் பொதுவா நடந்தது ஏதாவது உண்டாங்க?"

மரியதாஸ் மோரை ஊற்றிக்கொண்டு யோசித்தார். "கொள்ளை நோய்தான்," என்றார்.

வெள்ளிக்கிழமை மூவரும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார்கள். கையில் கீரை இல்லை, வாழைப்பூ இல்லை. ஜானு மாமி அல்போன்சாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். காமாக்ஷி எதிரே. ஜைத்தூன் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கதவிலேயே சாய்ந்து நின்றாள்.

"இன்னிக்காவது நியாயமா இருக்கட்டும்," என்றாள் காமாக்ஷி, யாரையும் பார்க்காமல்.

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றாள் ஜானு மாமி.

அல்போன்சா பேப்பரை விரித்துத் தொண்டையைச் செருமினாள்.

"'கதவு திறந்தது. திறந்தது யார் என்று தெரிவதற்குள், விமலாங்கிக்கும் அவள் மாமியாருக்கும் கணவனுக்கும் ஒரே சமயத்தில், ஒரே அளவில், மலேரியாக் காய்ச்சல் கண்டது. மூவரும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். வைத்தியர் வந்து மூவருக்கும் சமமாகக் கொயினா கொடுத்தார்.'"

ஜானு மாமி மனசுக்குள் ஏதோ கணக்குப் போடுவது தெரிந்தது. ஜைத்தூன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சரி," என்றாள் காமாக்ஷி கடைசியில். "மொதல்ல யாருக்கு நடுக்கம் நிக்குது?"